ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் தலைவலி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதுவும் தமிழ் மீடியம். தலைவலி மாத்திரையைப் பற்றி எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். காபியைப் பற்றி எழுத நாக்கு நீண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இரண்டு கூட்டத்திலும் சேர்த்தியில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்காத நான், முகம் தெரியாதவர்கள் படிப்பதற்காக எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்த தவறு, டிகாக்‌ஷன் போடும் வீடுகளில் மட்டும்தான் நடக்கக்கூடியது. வேறு யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை.

செகந்திராபாத்தில் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஓர் ஒர்க்‌ஷாப்பின் அலுவலகத்தில் நான் அட்டெண்டராக இருந்தேன். ஃபைல் எடுத்துக் கொடுப்பது, தபாலைப் பிரித்து செக்‌ஷன் செக்‌ஷனாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டுவது, அதிகாரி பெல் அடித்தால் எழுந்து போய் நிற்பது. இதுதான் வேலை. அதிகாரி அறைக்கு வெளியே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். முதுகு சாய்க்க முடியாத மர ஸ்டூல். அதில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இருவருக்கும் சொந்த ஊர் வேலூர் பக்கம். மாரெட்பள்ளியில் வாடகை வீடு. ஒரே மகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, அப்போது ஊரில் பாதிப் பிள்ளைகள் செய்ததையே செய்துகொண்டிருந்தாள். தினமும் பஸ் பிடித்து அமீர்பேட்டைக்குப் போய்க் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் இங்கிலீஷ்.

பத்தாவது படித்த அட்டெண்டர்களுக்கு ஒரு வழி இருந்தது. இலாகா வைக்கும் டைப்பிங் டெஸ்டில் தேறினால் கிளார்க் ஆகலாம். இங்கிலீஷில் நிமிடத்துக்கு முப்பது வார்த்தை, பத்து நிமிடம். தேறியவர்களுக்கு மேஜை உண்டு, சாய்ந்து உட்கார நாற்காலி உண்டு. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பெல் சத்தம் கேட்டு எழுந்து எழுந்து, வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட ஒரு நொடி உடம்பு தூக்கிப்போடும். அது நிற்கவேண்டும் என்று இருந்தது.

முதல் தடவை எழுதியபோது தோற்றேன். அன்று காலையிலிருந்தே தலைவலி. பயத்தில் மூன்று டம்ளர் காபி குடித்திருந்தேன். ஹாலில் நாற்பது டைப்ரைட்டர் ஒன்றாக இரைந்தபோது ஒவ்வொரு எழுத்தும் என் நெற்றியில் விழுந்தது. மறுநாளே தாள்களைத் திருத்தி, தேறியவர்கள் பட்டியலை என் கையில் கொடுத்து போர்டில் ஒட்டச் சொன்னார்கள். என் பெயர் இல்லாத அந்தப் பட்டியலை நாலு மூலையிலும் குண்டூசி குத்தி நேராக ஒட்டியது நான்தான்.

இரண்டாவது டெஸ்ட் இரண்டு வருடம் கழித்து அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த டெஸ்ட் வரும்போது எனக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். ஆகவே இதுதான் கடைசி.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட். விடிந்ததும் அங்கே போய் ஒரு மணி நேரம் அடிப்பேன். வீட்டில் மிஷின் கிடையாது. அதனால் கண்ணில் படும் இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் விரலால் மேஜையில் அடித்துப் பார்ப்பேன். சோப்பு உறை, பால் பாக்கெட், கரண்ட் பில். அர்த்தம் முழுதாகத் தெரியாது. விரலுக்கு வழி தெரிந்தால் போதும் என்று அடிப்பேன்.

இன்ஸ்டிடியூட் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எல்லா மிஷினையும் ஒன்றாக ஓடவிட்டு மாதிரி டெஸ்ட் வைப்பார். உண்மையான டெஸ்டும் ஞாயிறுதான். அன்றுதான் ஹால் காலியாக இருக்கும். வாரநாட்களில் நான் முப்பத்து நாலு வரை தொட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருபத்து நாலைத் தாண்டவில்லை. தாள் முழுக்கப் பிழை. ஒன்றிரண்டு ஞாயிறு அல்ல, எல்லா ஞாயிறும். மாஸ்டர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் சொன்னார்.

“சோமவாரம் நுஞ்சி சனிவாரம் தாகா மீரு கிளார்க் அம்மா. ஆதிவாரம் மாத்ரம் அட்டெண்டர்.”

திங்கள் முதல் சனி வரைக்கும் நான் கிளார்க்காம், ஞாயிறு மட்டும் அட்டெண்டராம். பக்கத்து மிஷின் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது சரி.

காரணம் தலைவலி. ஒன்றரை வருடமாகவே ஞாயிறு காலை பத்து மணிக்குக் கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிக்கும். மத்தியானத்துக்குள் தலை முழுக்கக் கயிறு கட்டி இறுக்கியதுபோல் ஆகிவிடும். வாரநாட்களில் எட்டிப்பார்க்காது. ஒர்க்‌ஷாப் அலுவலகம் என்பதால் எங்களுக்குச் சனிக்கிழமையும் வேலை. ஓய்வு என்பதே ஞாயிறுதான். அந்த ஒரு நாளில் வலி.

“எல்லாருக்கும் மண்டேதான் தலைவலி. நீக்கு மாத்ரம் சண்டேனா?” என்றாள் மகள். எனக்கு மட்டும் ஞாயிறாம்.

முன்பெல்லாம் எனக்கு எப்போதாவது தலைவலி வந்தால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாதாரண வலி மாத்திரை, அதோடு ஒரு டம்ளர் சூடான காபி. அரை மணி நேரத்தில் எழுந்து அரிசி களைந்துவிடுவேன். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வலிக்கு அதே மாத்திரை, அதே காபி, ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரைதான் போலி என்று நினைத்தோம். என் கணவர் வேறு கடையில் வாங்கி வந்தார். அதுவும் அப்படியே. அவர் பேப்பரில் வரும் உடல்நலப் பக்கத்தைக் கத்தரித்து வைப்பவர். “கண்ணு டெஸ்ட் பண்ணணும், ரத்தம் டெஸ்ட் பண்ணணும்” என்று வாராவாரம் ஒன்று சொன்னார். கண்ணையும் பார்த்தோம், ரத்தத்தையும் பார்த்தோம். எதிலும் குறை இல்லை.

டெஸ்டுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிறு மாத்திரை தீர்ந்துவிட்டது. மகளைத் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பினேன். வேறு ஒரு அட்டையோடு வந்தாள்.

“அதி லேதண்ட அம்மா. இதி இச்சாடு. சேம் அன்னாடு.”

அது இல்லையாம், இதைக் கொடுத்தானாம், இரண்டும் ஒன்றுதான் என்றானாம். போட்டுக்கொண்டு படுத்தேன். முக்கால் மணி நேரத்தில் கயிறு அவிழ்ந்தது. மத்தியானம் நானே எழுந்து சாதம் வடித்தேன். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே பழைய மாத்திரையைப் போட்டேன். கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு புதியது. கேட்டது.

ஒரே சரக்கு என்றால் ஒன்று மட்டும் ஏன் வேலை செய்கிறது என்று படுத்தபடியே இரண்டு அட்டைகளையும் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் வழக்கப்படி போர்வையின் மேல் அடிக்க ஆரம்பித்தன. முதல் அட்டையில் ஒரே மருந்து. அந்தப் பெயரை என் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். இரண்டாவதில் அதே பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. விரல்கள் அங்கே வந்து தடுமாறின. ஆங்கிலத்தில் கேஃபைன் என்று எழுதியிருந்தது. நான் அதை ‘கஃபெய்னே’ என்று படித்தேன்.

அது என்ன என்று கேட்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். மூன்று நாள் அந்தக் கடையைத் தாண்டித் தாண்டிப் போனேன். நாலாம் நாள் மாலை கடை காலியாக இருந்தது. அட்டையை எடுத்து அந்த வரியின் மேல் விரலை வைத்து நீட்டினேன். வாயால் சொல்லக் கூச்சம்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “காஃபீ மே ரஹதா சோ சீஜ் ஹை அம்மா. கோலி கூ ஜோர் தேத்தா.”

காபியில் இருக்கிற சரக்குதான் அது, மாத்திரைக்குப் பலம் கொடுக்கும் என்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன், அப்படியானால் வெறும் காபியே வலியைப் போக்குமா என்று.

“நக்கோ அம்மா, வைசா நை.” அப்படி இல்லை என்று அவர் ஒரு கையால் தராசை அழுத்துவதுபோல் காட்டினார். வலியை இழுப்பது மாத்திரை. காபிச் சரக்கு பக்கத்தில் நின்று கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும், அவ்வளவுதான். பிறகு விரலை நீட்டி எச்சரித்தார். “ரோஜ் நக்கோ. ரோஜ் காயே தோ கோலியிச் தர்த் லாத்தி.” தினமும் தின்றால் மாத்திரையே வலியைக் கொண்டுவரும்.

“ஞாயித்துக்கிழமை மட்டும்தான்” என்றேன் தமிழிலேயே. அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. “இத்வார் கூயிச் கைக்கு?” என்றார். ஞாயிறு மட்டும் ஏன்?

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஏனென்றால் எனக்கு அதில் ஒன்று இடித்தது. பழைய மாத்திரையை நான் தண்ணீரில் போடவில்லை. வீட்டுக் காபியோடுதான் போட்டேன். மாத்திரையில் இல்லாத சரக்கு டம்ளரில் இருந்திருக்க வேண்டும். முன்பு இருந்தது, அப்போது கேட்டது. இப்போது கேட்கவில்லை என்றால், என் டம்ளரில் அந்தச் சரக்கு குறைந்திருக்கிறது.

அப்புறம் வாரநாட்களை யோசித்தேன். வாரநாட்களில் அலுவலகக் கேன்டீனில் நாலு தடவை டீ குடிப்பேன். கறுப்பாகக் கொதிக்கவைத்த டீ. டீயிலும் அதே சரக்கு உண்டு என்று மகள் சொன்னாள். ஞாயிறு மட்டும்தான் வெறும் வீட்டுக் காபி.

அடுத்த ஞாயிறு காலை என் கணவர் ஸ்கூட்டரில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனார். போனால் ஒவ்வொரு மூட்டைக்காரனிடமும் நின்று பேசிவிட்டுத்தான் வருவார். நான் ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, அதன்மேல் ஒரு சிட்டிகைக் காபித்தூளைத் தூவினேன். நல்ல காபித்தூள் என்றால் தண்ணீரின் மேல் மிதக்கும். சிக்கரி என்றால் உடனே ஊறி, பழுப்பாகச் சாயம் இறக்கிக்கொண்டு கீழே போகும். முன்பு பக்கத்து வீட்டில் இருந்த ஓர் அம்மா எனக்குக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் வீட்டில் வாங்குவது எண்பதுக்கு இருபது. எண்பது காபி, இருபது சிக்கரி. இருபதுக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று எனக்குக் கண்மட்டம் உண்டு. அன்று தூவியதில் பாதி இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முழுக்கச் சாயம் பரவி, டம்ளருக்குப் பின்னால் இருந்த அடுப்பு மறைந்துவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சூடு ஏறியது. காபிக்கடைக்காரன் ஏமாற்றியிருக்கிறான். சிக்கரி விலை குறைவு. அதைக் கலந்து தலையில் கட்டியிருக்கிறான். சிக்கரியில் அந்தச் சரக்கு கிடையாது. நிறம் கொடுக்கும், கனம் கொடுக்கும், கசப்புக் கொடுக்கும், வேறொன்றும் கொடுக்காது. ஒன்றரை வருடமாக அதைக் குடித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

தூள் வாங்குவது என் கணவர் வேலை. நான் அந்தக் கடைக்குள் நுழைந்ததே இல்லை. கடைகளில் பேசுவது, விலை கேட்பது எல்லாம் அவர்தான். நான் இரண்டடி பின்னால் நிற்பேன். இருந்தாலும் திங்கட்கிழமை அலுவலகம் விட்டதும் செகந்திராபாத் மார்க்கெட்டுக்கு நானே போனேன். பையில் தூள் பொட்டலம். சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடை சிறியது. உள்ளே வறுக்கும் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தமிழர்தான், இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் போவதற்குள் வேறு மூவர் வந்துவிட்டார்கள். இப்படியே நின்றால் கடை சாத்திவிடுவார்கள் என்று பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இந்தத் தூள்ல சிக்கரி ஜாஸ்தியா இருக்கு.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிஷின் சத்தம். இன்னொரு தடவை சொன்னேன்.

“கேட்டதுதாம்மா போட்டிருப்போம்.”

“நாங்க எண்பது இருபதுதான் வாங்கறோம். தண்ணில போட்டுப் பாத்துட்டேன்.”

அவர் பொட்டலத்தைத் திருப்பி அடியில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தார். “மாரெட்பள்ளி சார் வீடா? ஸ்கூட்டர்ல வருவாரே. நம்ம மிஷினை விடச் சத்தமா பேசுவாரே.”

“ஆமா.”

“அவரு அம்பது அம்பதும்மா. ஒன்றரை வருஷமா ஏத்திக்கிட்டே வந்தாரு.”

நான் பொட்டலத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“முதல்ல எழுபது முப்பதுன்னாரு. அப்புறம் அறுபது நாப்பது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்து, வீட்ல தெரியக்கூடாதுன்னாரு. நான்கூடக் கேட்டேன், என்ன சார், காபி மேல கோவமா, வீட்டுக்காரம்மா மேல கோவமான்னு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர், “எங்க வீட்ல சிக்கரியே வேணாம்னு சண்டை. இவங்க வீட்ல ரகசியமா சிக்கரி. நல்லாருக்கு ஹவ்” என்றார், ஊர் வழக்கில் ‘ஆமாம்’ போட்டு. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. திருடனைப் பிடிக்க வந்து, என் வீட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேறு நாளாக இருந்தால் திரும்பி நடந்திருப்பேன். அன்று நகரவில்லை. டெஸ்டுக்கு இன்னும் மூன்று ஞாயிறுதான் இருந்தது.

“எண்பது இருபது. கால் கிலோ” என்றேன். “இனிமே நான்தான் வருவேன். அவர் வந்து கேட்டாலும் இதுதான் குடுக்கணும்.”

“ஹவ்மா. நீங்க சொன்னா சரி” என்று புதுப் பொட்டலத்தின் அடியில் பென்சிலால் எழுதினார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வாசலில் ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். கடையின் பெயரைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“போயிட்டு வந்துட்டியா?”

“போயிட்டு வந்துட்டேன்.”

“தனியாவா?”

“அதை விடுங்க. எதுக்கு இப்படிப் பண்ணீங்க?”

அவர் பிளக்கை ஊதினார். “போன டெஸ்ட் அன்னிக்கு மூணு காபி குடிச்ச. ஹாலுக்கு வெளிய தலையைப் புடிச்சிக்கிட்டு நின்ன. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். காபிதான் உனக்கு ஆவலைன்னு பேப்பர்லயும் போட்டிருந்தான். விடுன்னா விடுவியா நீ?”

“சொல்லிப் பாத்திருக்கலாமில்ல.”

“சொல்லியிருந்தா டம்ளரை என் தலைல கவுத்திருப்ப.”

“ஒன்றரை வருஷமா சிக்கரியைக் குடிச்சிட்டு ஞாயித்துக்கிழமையெல்லாம் படுத்துக் கெடந்தேன்.”

“நீதானே சொன்ன, இப்ப டிகாக்‌ஷன் நல்லா திக்கா இறங்குதுன்னு. பக்கத்து வீட்ல வேற பெருமை அடிச்ச.”

நான் சொன்னது உண்மைதான். உள்ளேயிருந்து மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நடந்ததை அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஆறு நாள் டீயாகக் குடித்துப் பழகிய உடம்பு ஏழாம் நாள் அது பத்தாமல் வலிக்கிறது. அந்த வலிக்கு மாத்திரை போட்டால், தள்ளிக் கொடுக்கும் அளவுக்குக் காபி டம்ளரில் இல்லை. கல்யாணமாகி அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் உடனே அடுத்த யோசனைக்குத் தாவினார். “அப்போ டீயையும் சேத்து எல்லாத்தையும் நிறுத்திடு. பழக்கமே இல்லன்னா வலியே இல்ல.”

“நிறுத்தலாம். டெஸ்ட் முடியட்டும். இப்ப நிறுத்தினா பத்து நாள் படுத்துடுவேன்.”

“யாரு சொன்னா?”

“ஒன்றரை வருஷமா வாரத்துக்கு ஒரு நாள் நிறுத்திப் பாத்திருக்கேன்ல.”

அந்த வாரமே டிஸ்பென்சரி டாக்டரம்மாவிடமும் போய்க் கேட்டேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மெடிக்கல் ஷாப்காரர் சொன்னது சரிதான் என்றார். காபிச் சரக்கு சேர்ந்தால் வலி மாத்திரை சிலருக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். எல்லாருக்கும் செய்யும் என்று நினைக்காதே, வாராவாரம் மாத்திரையை நம்பாதே என்றார். தினமும் ஒரே அளவு, ஒரே நேரம் குடி, டெஸ்ட் முடிந்தபின் மெதுவாகக் குறைத்துக்கொள் என்றார்.

அப்படியே செய்தேன். காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர், பத்தரைக்கு ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று. வாரநாளானால் டீ, ஞாயிறானால் எண்பது இருபது காபி. கேன்டீன்காரர் நாலாவது டீயை நீட்டினால் கையை ஆட்டிவிடுவேன். முதல் ஞாயிறு லேசாக வலித்தது. மாத்திரை போடாமல் மாதிரி டெஸ்டுக்குப் போனேன். இருபத்தொன்பது. இரண்டாவது ஞாயிறு வலி இல்லை. முப்பத்து மூன்று. மாஸ்டர் தாளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஆதிவாரம் கூடா பிரமோஷன்” என்றார். ஞாயிறும் பிரமோஷனாம்.

மூன்றாவது ஞாயிறு டெஸ்ட்.

மிஷினை நாங்களே கொண்டுபோக வேண்டும். இன்ஸ்டிடியூட் மிஷினைப் போர்வையில் சுற்றி, என் கணவர் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். என் மடியில் பிளாஸ்க். ஒன்பது மணிக்கு டெஸ்ட் என்று சொல்லியிருந்தார்கள். மேற்பார்வை அதிகாரி பத்தேகாலுக்குத்தான் வந்தார். பெயர் கூப்பிட்டபோது என்னை இரண்டாவது பேட்சில் போட்டிருந்தார்கள். முதல் பேட்ச் உள்ளே போய் நாற்பது மிஷினும் ஒன்றாக இரைய ஆரம்பித்ததும், வெளியே வேப்பமரத்தடியில் நின்ற எனக்குக் கண்ணுக்குப் பின்னால் பழைய இடத்தில் சுருக்கென்றது.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். “வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

மணி பத்தரை. பிளாஸ்க்கைத் திறந்தேன். பையிலிருந்து பழைய மாத்திரையை, அந்த ஒரே மருந்து உள்ளதை, எடுத்தேன்.

“மாத்திரை வேணாம். தூக்கம் வந்துடும்” என்றார். “காபியும் வேணாம். போன தடவை மாதிரி ஆயிடும்.”

“போன தடவை மூணு. இது ஒண்ணு.”

“கொஞ்சம் சொல்றதைக் கேளேன்.”

“இன்னிக்கு நீங்க கேளுங்க. மிஷினைப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க, அது போதும்.”

அவர் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாத்திரையை வாயில் போட்டு ஒரு டம்ளர் காபி முழுதையும் குடித்தேன். பிளாஸ்க்கில் இன்னும் இருந்தது. மூடியைத் திருகி அவர் பையில் வைத்துவிட்டேன்.

பதினொன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். வலி முழுதாகப் போகவில்லை. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தது, தொந்தரவு செய்யவில்லை. விசில் ஊதியதும் அடித்தேன். தபால் தாமதமாவதைப் பற்றிய ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். போன தடவை இதே போன்ற இடத்தில் நின்று, தாளைப் பார்த்து, பயந்து, விரலை மறந்துபோனேன். இந்தத் தடவை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வார்த்தைக்குப் போனேன். அதற்கடுத்ததற்குப் போனேன். மறுபடி விசில் ஊதும்போது இரண்டாவது பக்கத்தில் ஏழு வரி ஓடியிருந்தது.

வெளியே வந்தேன். என் கணவர் போர்வையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

“எப்படி?”

“ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. ஆனா நிறுத்தல.”

அவர் மிஷினைச் சுற்றிக் கட்டினார். ஆட்டோவில் ஏறியதும் பிளாஸ்க்கைத் திறந்து மிச்சக் காபியை அவரே குடித்தார். பாதி வழியில், “இது நல்லாத்தான் இருக்கு” என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு செக்‌ஷனிலிருந்து பட்டியலைக் கொடுத்து போர்டில் ஒட்டச் சொன்னார்கள். நாலு மூலையிலும் குண்டூசி குத்தி ஒட்டினேன். பதினொரு பேரில் என் பெயர் எட்டாவதாக இருந்தது. பிறகு பெல் அடித்தது. போனேன்.